யானை அழுததா? பேராதனைக்கு வந்த டார்வினின் கேள்வி



பெரஹரா நாட்கள் வந்தால் "யானை அழுகிறது பாருங்கள்" என்று ஒரு படம் நம் எல்லோருடைய போனிலும் சுற்றும். இந்தக் கேள்விக்கு வயது 150க்கும் மேல். ஒருகாலத்தில் அது நாம் பஸ்ஸில் கடந்துபோகும் பேராதனைப் பூங்காவுக்கே கடிதமாக வந்தது.

குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட், 1847 இல் குருநாகல் பக்கம் யானை பிடிப்பதை நேரில் பார்த்தார். கட்டுண்டு கிடந்த சில யானைகளின் கண்களிலிருந்து நீர் ஓயாமல் வழிந்ததாக 1859 இல் வந்த தன் நூலில் எழுதினார். முகபாவங்கள் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த சார்ள்ஸ் டார்வினுக்கு அது போதவில்லை. பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளர் த்வெய்ட்ஸிடம் விசாரித்தார். அதன் பேரில் கிளெனி என்ற பாதிரியார், புதிதாகப் பிடிபட்ட யானைக் கூட்டமொன்றைக் கவனித்துப் பதில் எழுதினார். யானைகள் பலமாகக் கத்தின. ஆனால் கண்ணைச் சுற்றிய தசைகளைச் சுருக்கவில்லை, கண்ணீரும் விடவில்லை. யானை அழுது தாங்கள் கண்டதே இல்லை என்று உள்ளூர் வேட்டைக்காரர்களும் சொன்னார்கள்.

யானை பிடிப்பதில் அக்காலம் பேர்போனவர்கள் நம் சோனகரான பணிக்கர்மார். அவர்களின் துணிவை டெனன்ட்டே எழுதியிருக்கிறார். யானையின் குறிப்பறியாதவன் உயிரோடு திரும்ப முடியாத தொழில் அது. அப்படியிருந்தும் 1872 இல் வந்த டார்வினின் நூலில் வேட்டைக்காரரின் சொல்லுக்கு அடிக்குறிப்பில்தான் இடம். டெனன்ட்டையும் லண்டன் மிருகக்காட்சிசாலைப் பராமரிப்பாளரையுமே அவர் நம்பினார். எதிரியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டி அந்த யானைகள் கண்ணைச் சுருக்கவில்லை போலும் என்று ஒரு சமாதானமும் சொன்னார். எமக்கு இதில் கொஞ்சம் வருத்தம்தான். ஆனாலும் தனக்கு எதிரான சாட்சியை மறைக்காமல் அச்சில் போட்டாரே, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கண்ணீரை மூக்குக்குள் வடிக்கும் குழாய் யானைக்கு இல்லை. சுரக்கும் நீர் முகத்தில்தான் வழியும். அதைக் கண்டதும் "அழுகிறது" என்று தீர்ப்புச் சொல்வது நம் மூளை. முகங்களுக்கென்றே வேலை செய்யும் பகுதி அதில் உண்டு. அது பழகியதோ மனித முகத்தோடு.

யானைக்கு வேதனையே இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். முகத்தை அசைக்கும் நரம்பணுக்கள் ஆசிய யானையின் மூளையில் 50,000க்கும் மேல். நம்மைவிடப் பல மடங்கு. அதில் பெரும் பங்கு தும்பிக்கைக்கு. தாய்லாந்தில் நடந்து 2014 இல் வெளியான ஓர் ஆய்வில், கலங்கிய யானை காதை முன்னே விரித்து வாலை உயர்த்துவதும், பக்கத்து யானை வந்து தும்பிக்கையால் அதன் முகத்தைத் தொடுவதும் பதிவாகியுள்ளன.

ஏறாவூர்ப் பக்கம் பணிக்கர் குடும்பத்து உறவுகள் யாராவது இதைப் படித்தால், யானை கலங்கியிருப்பதை அறிய வாப்பா, அப்பாமார் முதலில் எதைப் பார்ப்பார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.