கலப்பு வாயு முக்குளிப்புப் பயிற்சி

பொழுதுபோக்காக ஸ்கூபா கருவியுடன் கடலில் இறங்குவோர், சாதாரணக் காற்றுக்குப் பதிலாக வேறு விகிதத்தில் கலந்த வாயுக்களைப் பாதுகாப்பாகச் சுவாசிக்கக் கற்பிக்கும் பாடத்திட்டமே கலப்பு வாயு முக்குளிப்புப் பயிற்சி. இவற்றுள் பரவலானது நைட்ராக்ஸ். ஆக்சிஜனைக் கூட்டி நைட்ரஜனைக் குறைத்த காற்று இது. மேலும் ஆழத்துக்கு, ஹீலியமும் சேர்ந்த ட்ரைமிக்ஸ் பயன்படுகிறது.

அடிப்படை

கடலில் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் அழுத்தம் ஏறத்தாழ 1 பார் கூடுகிறது; மேற்பரப்பின் 1 பாரையும் சேர்த்து, 30 மீட்டரில் மொத்த அழுத்தம் 4 பார். கலவையில் ஒரு வாயுவின் பங்கை மொத்த அழுத்தத்தால் பெருக்கினால் அதன் பகுதி அழுத்தம் கிடைக்கும். உடலில் ஏற்படும் விளைவுகளைத் தீர்மானிப்பது இந்த அளவே. உடல் திசுக்களில் கரையும் நைட்ரஜன், முக்குளிப்பவர் விரைந்து மேலேறினால் குமிழிகளாகி அழுத்தத் தளர்வு நோயை உண்டாக்கும். ஏறத்தாழ 30 மீட்டருக்குக் கீழே நைட்ரஜன் அறிவையும் மந்தமாக்கும்; இதுவே நைட்ரஜன் மயக்கம். ஆக்சிஜனின் பகுதி அழுத்தம் அளவு மீறினால் முன்னறிகுறி இல்லாமலேயே வலிப்பு வரக்கூடும். நீரடியில் அப்போது வாயிலிருந்து சுவாசக் கருவியான ரெகுலேட்டர் நழுவி, மூழ்கி இறக்க நேரிடும். எனவே நீந்தும்போது 1.4 பார், அசையாமல் நின்று அழுத்தம் தளர்த்தும்போது 1.6 பார் என உச்சவரம்பு வகுக்கப்பட்டுள்ளது.

வரலாறு

அமெரிக்கக் கடல்சார் நிறுவனமான நோவாவில் மார்கன் வெல்ஸ் 1970களில் நைட்ராக்ஸ் முறைகளை வகுத்தார். அங்குப் பணியாற்றிய டிக் ருட்கோவ்ஸ்கி 1985இல் பொதுமக்களுக்கான நைட்ராக்ஸ் பயிற்சி அமைப்பைத் தொடங்கினார். தொடக்கத்தில் கடும் எதிர்ப்பு இருந்தது. 1990களின் நடுப்பகுதிக்குள் பேடி உள்ளிட்ட பெரிய முக்குளிப்புப் பயிற்சி அமைப்புகளும் இதைப் பாடமாக ஏற்றன.

நைட்ராக்ஸ் பயிற்சி

தொடக்கப் பாடம் 40 விழுக்காடு ஆக்சிஜன் வரையிலான கலவைகளை உள்ளடக்கும். 32, 36 விழுக்காட்டுக் கலவைகளே பெரும்பாலும் பயன்படுகின்றன. 32 விழுக்காட்டுக் கலவையை 30 மீட்டரில் சுவாசிப்பது, நைட்ரஜனைப் பொறுத்தவரை 24 மீட்டரில் காற்றைச் சுவாசிப்பதற்குச் சமம். அதனால் நீரடியில் கூடுதல் நேரம் தங்கலாம். அதே கலவையுடன் ஏறத்தாழ 33 மீட்டருக்குக் கீழே செல்லலாகாது. 36 விழுக்காட்டுக்கு எல்லை சுமார் 28 மீட்டர். ஆக்சிஜன் கூடக் கூட, இறங்கக்கூடிய ஆழம் குறைகிறது என்பதே மாணவர் முதலில் உள்வாங்க வேண்டிய பாடம்.

முக்குளிப்பவர் தம் சிலிண்டரை ஆக்சிஜன் அளவியால் தாமே சோதிக்க வேண்டும். ஆக்சிஜன் விழுக்காடு, எல்லை ஆழம், தேதி, தம் பெயர் ஆகியவற்றைச் சிலிண்டரில் எழுதி ஒட்டி, முக்குளிப்புக் கணினியையும் அதற்கேற்ப அமைக்க வேண்டும். கோட்பாட்டுப் பகுதியை இணையவழியே படிக்க முடிவதால், கடலற்ற பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் இருப்போரும் அதை ஊரிலேயே முடித்துவிட்டு, புதுச்சேரி போன்ற கரையோர ஊர்களுக்குச் சென்று செய்முறையைக் கற்கலாம்.

உயர்நிலைப் பயிற்சி

பொழுதுபோக்கு முக்குளிப்பின் எல்லை 40 மீட்டர். அதற்கப்பாலான பயிற்சியின் தேவையை மட்டக்களப்புக் கடலில் கிடக்கும் எச்.எம்.எஸ். ஹெர்மிஸ் கப்பல் விளக்கும். விமானந்தாங்கியாகவே திட்டமிட்டுக் கட்டத் தொடங்கிய உலகின் முதல் கப்பல் அது. 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தன. 307 பேர் இறந்தனர். இன்று அது ஏறத்தாழ 53 மீட்டர் ஆழத்தில் உள்ளது.

அந்த ஆழத்தில் அழுத்தம் 6.3 பார். காற்று அங்கே அடர்ந்து, சுவாசிக்கக் கடினமாகும். நைட்ரஜன் மயக்கமும் மிகும். 32 விழுக்காட்டு நைட்ராக்ஸின் ஆக்சிஜன் அழுத்தமோ 2 பாரை எட்டி ஆபத்தாகும். 18 விழுக்காடு ஆக்சிஜனும் 45 விழுக்காடு ஹீலியமும் கொண்ட ட்ரைமிக்ஸில் ஆக்சிஜன் அழுத்தம் ஏறத்தாழ 1.1 பாராகவே இருக்கும். நைட்ரஜனின் அளவு, சுமார் 20 மீட்டரில் காற்றைச் சுவாசிக்கும்போது உள்ளதற்கு ஒப்பாகும்.

மேலேறும்போது அழுத்தம் தளர்த்துவதற்கென வேறு சிலிண்டர்கள் தேவை. 50 விழுக்காடு ஆக்சிஜன் கலவையை 22 மீட்டரிலிருந்தும், தூய ஆக்சிஜனை 6 மீட்டரிலிருந்தும் மட்டுமே சுவாசிக்கலாம். தவறான சிலிண்டரிலிருந்து சுவாசித்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே சிலிண்டர் மாற்றும்போது ஆழத்தைப் பார்த்தல், சிலிண்டரின் எழுத்தைப் படித்தல், குழாயைத் தொடர்ந்து சென்று அது அதே சிலிண்டரைச் சேர்ந்ததா எனக் காணல், உடன் வருபவரிடம் ஒப்புதல் பெறல் ஆகிய படிகளைக் கை தானாகச் செய்யும் வரை பயிற்சியாளர்கள் திரும்பத் திரும்பச் செய்விக்கின்றனர்.