இன்சுலின் பம்ப் விமானம் ஏறிய கதை

1922 ஜனவரியில் டொராண்டோ பொது மருத்துவமனையில் 14 வயது லெனார்ட் தாம்ஸனுக்கு இன்சுலின் ஊசி போட்டார்கள். அதுவரை டைப் 1 சர்க்கரை நோய் வந்த பிள்ளைகளை அரைப்பட்டினி போட்டு, கொஞ்ச காலம் உயிரைப் பிடித்துவைப்பதுதான் வைத்தியம். இன்சுலின் வந்ததும் பிள்ளைகள் பிழைத்தார்கள். கொதிக்கவைத்த கண்ணாடி சிரிஞ்சும் தடித்த ஊசியும் அவர்களுக்கு ஆயுள் துணையாயின.

அந்த ஊசிக்கு மாற்றுத் தேடி, 1960களின் தொடக்கத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவர் ஆர்னால்டு காடிஷ் இன்சுலின் செலுத்தும் ஓர் இயந்திரம் செய்தார். முதுகில் மூட்டையாகச் சுமக்கவேண்டிய அளவு பெரியது அது. 1978இல் லண்டன் கைஸ் மருத்துவமனையில் ஜான் பிக்கப், ஹாரி கீன் குழுவினர் சின்ன பம்ப் ஒன்றால் தோலுக்கடியில் இடைவிடாமல் இன்சுலின் செலுத்திக் காட்டினார்கள். மறு ஆண்டே யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் இளவயது நோயாளிகளிடம் இதைச் செய்துபார்த்தார்கள். நாளடைவில் பம்ப் பேஜர் அளவுக்குச் சுருங்கிப் பிள்ளைகளின் இடுப்புக்கு வந்தது. இடுப்புக்கு வந்தது விமானத்துக்கும் வரத்தானே செய்யும்?

அங்கேதான் யாரும் எதிர்பாராத சிக்கல். வானில் விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் தரையில் இருப்பதைப்போல இருக்காது. ஏறக்குறைய ஊட்டி உயரத்தில் இருக்கும் அழுத்தம்தான். மலையேற மணிக்கணக்காகும், விமானத்தில் அந்த மாற்றம் இருபது, முப்பது நிமிடத்தில் முடிந்துவிடும். அழுத்தம் குறையக் குறைய இன்சுலினில் கரைந்திருந்த காற்று குமிழியாகப் பிரியும். ஏற்கெனவே உள்ள குமிழி பெரிதாகும். பெருத்த குமிழி தன்முன் நிற்கும் மருந்தைக் குழாய் வழியே உடலுக்குள் தள்ளிவிடும்.

விமானம் கிளம்பிய பிறகு ஒரு சிறுமிக்குச் சர்க்கரை இறங்கிப்போனதைக் கேள்விப்பட்டு, ஆஸ்திரேலிய மருத்துவர் புரூஸ் கிங் குழுவினர் இதை அளந்துபார்த்தார்கள். 2011இல் வெளியான அந்த ஆய்வின்படி, விமானம் ஏறும்போது இன்சுலின் சற்றுக் கூடுதலாகப் போனது. இறங்கும்போது சற்றுக் குறைந்தது. பெரியவர்களுக்கு இது பொருட்டே இல்லை. ஒரு மணி நேரத்துக்கே 0.2 யூனிட் போதும் என்கிற சின்னப் பிள்ளைக்கு இது பெரிய அளவு. புறப்படும் முன் குழாயைக் கழற்றிவிட்டு, மேலே போனதும் குமிழியை நீக்கி மாட்டும்படி அவர்கள் யோசனை சொன்னார்கள்.

தரையில் இன்னொரு தடை இருந்தது. 2001 செப்டம்பரில் அமெரிக்காவில் நடந்த தாக்குதல்களுக்குப் பிறகு விமான நிலையச் சோதனைகள் இறுகின. 2006இல் திரவங்களுக்கு 100 மில்லிலிட்டர் வரம்பு வந்தபோது மருந்துகளுக்கு விலக்கு கிடைத்தது. 2009 கிறிஸ்துமஸ் நாளில் அமெரிக்கா சென்ற விமானம் ஒன்றில் நடந்த குண்டுவெடிப்பு முயற்சிக்குப் பின் உடல் ஸ்கேனர்கள் பெருகின. பல பம்ப்களையும் சர்க்கரை அளக்கும் சென்சார்களையும் எக்ஸ்ரேயிலோ ஸ்கேனரிலோ விடக்கூடாது என்று தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள். சோதனை வரிசையில் நிற்கும் ஊழியருக்கு இது எப்படித் தெரியும்? விளக்கிச்சொல்லும் பொறுப்பு தாய் தகப்பன் தலையில் விழுந்தது. பிரிட்டனில் ஒரு தாய் விடாமல் போராடியதன் பலனாக, அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையமும் விமான நிலையங்களின் சங்கமும் மருத்துவக் கருவி அட்டையைக் கொண்டுவந்தன. அதில் பயணிக்கு ஒரு பக்கம், சோதனை ஊழியருக்கு ஒரு பக்கம். இந்த வரலாற்றில் இயந்திரம் செய்தவர்களுக்குச் சமமாக அந்தத் தாயையும் வைத்துப் பேசவேண்டும்.

பம்ப் அணிந்த பிள்ளையோடு பறக்கப்போகிறவர்கள் முதலில் கருவியின் கையேட்டைப் படித்துவிடுங்கள். கருவிக்குக் கருவி விதி மாறும். குழாயை எப்போது கழற்றலாம் என்பதை உங்கள் மருத்துவரிடம் கேட்டு, அவரிடம் ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ளுங்கள். இன்சுலினைப் பெரிய பெட்டியில் போட்டு அனுப்பவேண்டாம், சரக்கு அறைக் குளிரில் உறைந்துபோகலாம். குளுக்கோஸும் மாற்று ஊசியும் கைப்பையிலேயே இருக்கட்டும். ஸ்கேனர் ஒத்துவராத கருவி என்றால், கையால் சோதிக்கும்படி தயங்காமல் கேளுங்கள்.