சேன் நதியிலிருந்து சிலாபம் வரை

வீட்டில் கட்டிய சிறு விமானத்தின் கருவிப் பலகையைப் பிரித்தால், வேகமானிக்குப் பின்னால் இரண்டு மெல்லிய குழாய்கள் வந்து சேர்வதைக் காணலாம். அவற்றில் ஒன்றின் பிறப்பிடம் வானம் அல்ல, ஆறு. 1732இல் ஹென்றி பிட்டோ பாரிஸில் சேன் நதியின் ஓட்டத்தை அளக்க வளைந்த கண்ணாடிக் குழாயைத் தண்ணீருக்குள் இறக்கினார். அதற்கு வேலை கொடுக்கப்போகும் விமானம் வர இன்னும் 171 ஆண்டுகள் இருந்தன.

உயரமானியோ மலையேறி வந்தது. டொரிசெல்லியின் பாதரசப் பாரமானியை 1648இல் பாஸ்கலின் மைத்துனர் பியூய் டி டோம் மலைக்குத் தூக்கிச் சென்றார். ஏற ஏறப் பாதரசம் இறங்கியது. 1844இல் லூசியன் விடி பாதரசத்தையே ஒழித்து, காற்றகற்றிய உலோகச் சிமிழை வைத்தார். 1928இல் போல் கோல்ஸ்மன் அந்தச் சிமிழோடு கடிகார நுட்பப் பற்சக்கரங்களைச் சேர்த்து, நம்பத்தக்க உயரமானி செய்தார். கப்பல்களுக்குத் திசைகாட்டிக் கைரோ (வேகமாகச் சுழலும் சக்கரம்) செய்த ஸ்பெரி நிறுவனமும் விமானக் கருவிகளுக்கு அதைக் கொண்டுவந்தது. 1929 செப்டெம்பர் 24 அன்று அமெரிக்க விமானி ஜிம்மி டூலிட்டில் மூடிய இருக்கைக்குள் அமர்ந்து, வெளியே பாராமல், முள்களை மட்டும் நம்பி ஏறி இறங்கினார்.

அந்த முள்களின் வாரிசுகள் இரண்டாம் உலகப் போரில் இலங்கையின் புத்தளத்துக்கே வந்தன. பிரித்தானியக் கடற்படையின் விமானத்தளம் இங்கே இருந்தது. கைரோவும் உயரமானியும் பொருத்திய அமெரிக்கக் கோர்சேர் போர் விமானங்களைத் தரையில் இழுத்தவை யானைகள்! அந்த இழுவைக்கு எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

பிறகு இதே புத்தளம் மாவட்டத்தில், சிலாபத்துக்கு அருகே கக்கப்பள்ளியில் தோட்டம் வைத்திருந்தார் ரே விஜேவர்தன (1924–2010). இரு சக்கர உழவு இயந்திரம் வடிவமைத்தவர், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் பாய்மரப் படகோட்டியவர், தானே இலகு விமானங்களை வடிவமைத்துக் கட்டிப் பறந்தவர். அவர் போன்றோரின் வாரிசுகள்தான் இன்று பழைய பலகையை மாற்றுகிறார்கள். கைரோவைச் சுழற்றிய வெற்றிடப் பம்பும் அதன் குழாய்களும் கழன்று, எடை குறைகிறது. அந்த இடத்தில் ஒரே திரை. உள்ளே இருப்பது கைபேசித் திரையைத் திருப்பும் சிலிக்கன் சில்லின் உறவுக்காரன். மின்சாரம் போனால் என்ன செய்வது என்று யோசிப்பவர்கள், ஓரத்தில் பழைய உயரமானி ஒன்றை விட்டுவைக்கிறார்கள். நல்ல யோசனைதான்.

பிட்டோவின் குழாய் மட்டும் கழலவில்லை. திரையும் அதைக் கேட்டே வேகம் சொல்கிறது. 1996இல் டொமினிக்கன் குடியரசில் 189 பேருடன் ஒரு போயிங் 757 கடலில் விழுந்தது. பிட்டோ குழாயைக் குளவிக் கூடு அடைத்திருக்கலாம் என்றார்கள் விசாரணையாளர்கள். கரையோரக் கொட்டகையில் விமானம் நிறுத்துவோரே, முதலில் அந்தக் குழாய்க்கு உறை போடுங்கள். பறக்கும் முன் கழற்றவும் மறந்துவிடாதீர்கள்.