கருங்குழி வட்டாரத்தில் வீட்டுப் பூச்செடித் தேர்வின் வரலாறு

மதுராந்தகம் ஏரிக்கு அண்மையில், சென்னையிலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த கருங்குழி, கருநாடகப் போர்களில் கைமாறிய தன் கோட்டையாலும், கம்பெனியாரின் ஜாகீரில் சில காலம் கலெக்டரின் தலைமையிடமாக விளங்கியதாலும் ஆவணங்களில் இடம்பெற்ற ஊர் ஆகும். வள்ளலாரோடு தொடர்புடைய கருங்குழி வடலூரை அடுத்த வேறோர் ஊர். இவ்வட்டாரத்தில் வீட்டைச் சுற்றி எந்தச் செடியை வைப்பது என்பதைக் கண்ணின் விருப்பத்தைக் காட்டிலும் பூசையும் தண்ணீருமே நெடுங்காலம் முடிவு செய்தன.

பூசை, தண்ணீர் ஆகியவற்றோடு, முற்காலத்தில் அரசும் இச்செடித் தேர்வில் தலையிட்டது. பல்லவர் செப்பேடுகளில் குவளை வளர்ப்பதன் மீதான குவளைக்காணம் என்னும் வரி பேசப்படுகிறது. நிலக்கொடை பெற்றவர்களுக்குத் தமனகமும், அதாவது இன்றைய மருக்கொழுந்துக்கு நெருங்கிய மணச்செடியும், செங்கழுநீரும் நட்டுக்கொள்ளும் உரிமை தனியே எடுத்துச் சொல்லி வழங்கப்பட்டது. உரிமை எனக் குறித்து வழங்கப்பட்டதிலிருந்தே, இச்செடிகளை எவரும் நினைத்தவுடன் நட்டுவிட முடிந்திராது என்று கொள்ளலாம். கருங்குழிக்கு மேற்கே உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டு, குடவோலை முறையில் 12 பேரைத் தோட்ட வாரியத்துக்கும் 6 பேரை ஏரி வாரியத்துக்கும் தேர்ந்தெடுக்க விதிக்கிறது. தோட்டம் என்பதில் பழமரத் தோப்புகளும் அடங்குமாதலால் இந்த எண்ணிக்கையைப் பூக்களின் பெருமையாக மட்டும் கொள்வது மிகையாகும். ஆயினும் கோயிலுக்குப் பூத் தருவதற்கென விடப்பட்ட நந்தவன நிலங்கள், இன்ன தெய்வத்துக்கு இன்ன பூ என்னும் வழக்கை ஊர்தோறும் நிலைநிறுத்தின. வீட்டுக் கொல்லை அவ்வழக்கையே சிறிய அளவில் பின்பற்றியது.

கொல்லையில் தண்ணீரின் ஆட்சி வெளிப்படையானது. மழையின் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்து முடிந்துவிட, குண்டுமல்லியோ கிணறு தாழும் பங்குனி, சித்திரையில்தான் நிறையப் பூக்கிறது. ஆகவே அது துவைகல்லிலிருந்தும் குளியலிடத்திலிருந்தும் கழிவுநீர் ஓடும் வாய்க்கால் ஓரத்திலேயே இடம் பெற்றது. அந்நீர் எட்டாத இடங்களுக்கு அரளியும் நந்தியாவட்டையும் ஏற்றவையாயின. வறட்சியைத் தாங்குவதோடு அரளிக்கு நச்சுத்தன்மையும் இருப்பதால் ஆடுகள் அதை அண்டுவதில்லை. வேலி போட வசதியில்லாத வீட்டுக்கு இதைவிடப் பொருத்தமான செடி அரிது. மடகாஸ்கரிலிருந்து வந்து கடற்கரை மணலிலும் தழைத்த நித்தியகல்யாணிக்கும் ஏறக்குறைய இதே வலிமை உண்டு எனினும், சுடுகாட்டுப்பூ என்ற பெயர் ஒட்டிக்கொண்டதால் பல வீடுகள் அதை உள்ளே விடவில்லை.

பறிப்பதற்காக அன்றிப் பார்ப்பதற்காகவே செடி வைக்கும் பழக்கம் 19ஆம் நூற்றாண்டில் பங்களாக்களின் வழியே பரவியது. 1835இல் ராபர்ட் வைட் முதலியோரின் முயற்சியால் சென்னையில் தோன்றிய வேளாண் தோட்டக்கலைச் சங்கம் விதைகளையும் நாற்றுகளையும் வழங்கிவந்தது. மலுக்கு முதலிய கீழைத் தீவுகளைச் சேர்ந்த குரோட்டன்ஸும் பிரேசிலின் காகிதப்பூவும் அதிகாரிகளின் வளாகங்களிலிருந்து மெல்ல வசதியுள்ள வீடுகளுக்கு வந்தன. குரோட்டன்ஸ் பெரும்பாலும் தாழ்வாரத்துத் தொட்டிகளில் அன்றாடம் நீரூற்றி வளர்க்கப்பட்டது. வேரூன்றியபின் நீண்ட வறட்சியையும் பொறுக்கும் காகிதப்பூவோ செம்மண் சரளையில் தானாகவே படர்ந்தது. மணமில்லாத அதைப் பூசைக்கும் கூந்தலுக்கும் கொள்வாரில்லை. எனவே அது தெருவாசலுக்கு உரியதாயிற்று, மல்லிகையும் துளசியும் பழைய இடத்திலேயே இருந்தன. முன்புறம் காட்சிக்கும் பின்புறம் பயனுக்கும் என்று வீட்டுத் தோட்டம் இவ்வாறு இரண்டாகப் பிரிந்தது. கொல்லைக்கே இடம் விடாத இன்றைய மனைப்பிரிவுகளிலோ வாசல் காகிதப்பூ நிலைத்திருக்க, மல்லிகைதான் தொட்டிக்கு மாறி மொட்டைமாடிக்குச் சென்றுள்ளது.