நூற்றில் ஒன்று

ஜமீன்தாரி ஒழிப்பு பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். சென்னை மாகாணம் அதற்குச் சட்டம் போட்டது 1948-ல். கல்வராயன் மலையில் மட்டும் ஜாகிர்தார்கள் அசையவே இல்லை. மலையாளிப் பழங்குடிகள் (கேரளத்துக்காரர்கள் அல்ல, காஞ்சிபுரம் பக்கமிருந்து மலையேறியதாகச் சொல்லிக்கொள்ளும் தமிழர்கள்) அவர்களுக்கு வரி கட்டினார்கள், கூலியில்லாமல் உழைத்தார்கள். அரசாங்கம் மலையைக் கையில் எடுத்தது எப்போது தெரியுமா? 1976-ல்!

அதற்கு ஐந்து வருஷம் முன்பே, 1971-ல், தாழ்த்தப்பட்டோருக்கும் பழங்குடிகளுக்கும் சேர்த்து 18 சதவிகித ஒதுக்கீடு வந்துவிட்டது. காகிதத்தில் மலைக்காரருக்கும் அதில் பாத்தியதை உண்டு. ஜாகிர்தார் நிலத்தில் உழைக்கிற வீட்டுப் பையன் எந்தப் பரீட்சை எழுதுவான், சொல்லுங்கள். 1990-ல்தான் பழங்குடிகளுக்கென்று தனியாக 1 சதவிகிதம் பிரித்தார்கள்.

மலைக்குக் கீழே, சமவெளியில், கணக்கு வேறு. 1987-ல் வன்னியர்கள் ஒரு வாரம் சாலை மறியல் நடத்தினார்கள். 21 உயிர்கள் போயின. 1989-ல் பிற்படுத்தப்பட்டோரின் 50 சதவிகிதம் 30, 20 என்று உடைந்தது. அந்த 20-க்குள் வன்னியருக்கு மட்டும் 10.5 என்று 2021 பிப்ரவரியில், தேர்தல் தேதி அறிவிக்கிற அன்றைக்கே சட்டம் நிறைவேற்றினார்கள். நவம்பரில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 மார்ச்சில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. உள்ளே பிரிப்பது தப்பில்லை, ஆனால் எண்பதுகளில் எடுத்த பழைய கணக்கை வைத்துக்கொண்டு பிரிக்காதே என்பது சாரம். இதில் கோர்ட் மேல் எனக்குக் கோபமில்லை. சரக்கை எண்ணாமல் பங்கு போடும் கடை எங்கே உருப்பட்டது?

எண்ணிவிட்டுப் பிரித்ததற்கும் உதாரணம் இருக்கிறது. நீதிபதி ஜனார்த்தனம் அறிக்கை கொடுத்த பிறகு, 2009-ல் 18-க்குள் அருந்ததியருக்கு 3 சதவிகிதம் ஒதுக்கினார்கள். பட்டியல் சாதிகளுக்குள் இப்படிப் பிரிக்கலாம் என்று 2024 ஆகஸ்ட் 1-ல் ஏழு நீதிபதிகளில் ஆறு பேர் ஒப்புக்கொண்டார்கள்.

அப்படியானால் பழங்குடிகளின் 1-ஐயும் பிரிக்கலாமே என்பீர்கள். இங்கேதான் சிக்கல். 2011 கணக்கெடுப்பில் தமிழகப் பழங்குடிகள் ஏழு லட்சத்து தொண்ணூறாயிரத்துச் சொச்சம் பேர், 1.1 சதவிகிதம். அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக மலையாளிகளே. மீதியில் இருளர், தோடர், காட்டுநாயக்கன் என்று முப்பத்தைந்து சமூகங்கள். இனச்சுழற்சியில் இருநூறு இடத்துக்கு இவர்களுக்கு வருவது இரண்டே இரண்டு. ஐம்பது பேரை எடுக்கிற ஆபீஸில் பல சமயம் பூஜ்யம். இதை எந்தக் கத்தியால் நறுக்குவது? எனக்குத் தெரிந்து இங்கே உதவக்கூடியது பங்கைப் பெரிதாக்குவதும், மலையில் பள்ளிக்கூடத்தை ஒழுங்காக நடத்துவதும்தான். 2024-ல் கள்ளச்சாராயம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்ற பிறகுதான், உயர் நீதிமன்றம் கல்வராயன் மலை மக்களின் நிலைமையைத் தானாக முன்வந்து விசாரித்தது.

இதற்கிடையே, 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நரிக்குறவர்களையும் பழங்குடிப் பட்டியலில் சேர்த்தது. நியாயம்தான், அவர்களைவிட ஏழை யார்? பட்டியல் நீண்டது, ஒன்று ஒன்றாகவே நின்றது. வாசலில் இன்னொரு வரிசையும் இருக்கிறது. பட்டியலில் மலையாளிகளுக்கு எதிரே எழுதிய மாவட்டங்களில் கோவை இல்லை. அதனால், அப்போது கோவையிலும் இப்போது ஈரோட்டிலும் உள்ள பர்கூர் மலையின் மலையாளிகள், சான்றிதழ் கேட்டுப் பல வருஷமாக நடையாய் நடக்கிறார்கள்.