பாகம் பாகமாக வீட்டுக்கு வந்த கணினி

டெங்கில் பக்கம் நம்மவர் வீட்டில் கேம் ஓடும் கணினி ஒன்று இருந்தால், பெரும்பாலும் அது முழுதாகக் கடையிலிருந்து வந்ததாக இருக்காது. போர்டு ஒரு கடையில், ரேம் இன்னொரு கடையில், கிராஃபிக்ஸ் கார்டு யாரோ கழற்றிக் கொடுத்தது என்று சேர்த்துப் பூட்டியதாக இருக்கும். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாகம் பார்த்துக் கொடுப்பதும் பூட்டிக் கொடுப்பதும் கால் நூற்றாண்டாக என் பழக்கம். மல்டிமீடியா சூப்பர் கோரிடோர் என்ற அரசின் தொழில்நுட்பத் திட்டம் வந்த கதையை எழுத ஆளுண்டு. அதே ஆண்டுகளில் குறைந்த சம்பளக்காரர் வீட்டுக்குள் கணினி எப்படி நுழைந்தது என்பதையும் யாராவது எழுதி வைக்க வேண்டும். எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

முதலில் ஊர். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய பிரிட்டிஷ் அதிகாரிகள் 1921ல் தொடங்கியது பெராங் பெசார் தோட்டம். அங்கே தேர்ந்தெடுத்து உருவாக்கிய பிபி 86 என்ற ஒட்டு ரப்பர் ரகம் இலங்கை வரை போய் வேர்விட்டது. 1995ல் புத்ராஜெயா கட்டத் தொடங்கிய பிறகு பெராங் பெசார், செட்ஜ்லி, கேலவே, மெடிங்லி தோட்டங்களின் குடும்பங்கள் லயத்தை விட்டு டெங்கில் தாமான் பெர்மாத்தா மலிவுவிலை அடுக்குமாடிக்கு வந்தன. தரைவீட்டுக்காக அவர்கள் ஆண்டுக்கணக்கில் போராடியது ஊரறிந்த செய்தி. இதே டெங்கில் முக்கிமில்தான் 1997ல் சைபர்ஜெயாவும் எழத் தொடங்கியது. பால்மரம் நின்ற மண்ணில் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்தன. அவற்றுக்குள் இருந்த கணினி எங்கள் பிள்ளைகளுக்கும் வேண்டியிருந்தது.

அப்போது பாகம் வாங்க வேண்டுமென்றால் கோலாலம்பூர் இம்பி பிளாசாதான். பஸ் பிடித்துக் காஜாங், அங்கிருந்து கொமுட்டர், மீதி நடை. ஒவ்வொரு கடையும் ஒரு பக்கத் தாளில் விலைப் பட்டியல் அச்சடித்து முன்னால் வைத்திருக்கும். மேலே தேதி, கீழே பிராசசர், போர்டு, ரேம், ஹார்ட் டிஸ்க், மானிட்டர், கேசிங் என்று பொடி எழுத்தில் வரிசை. கடை கடையாகத் தாளைச் சேகரித்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து, பேனாவால் வட்டமிட்டுக் கூட்டிப் பார்ப்போம். தொகை கைக்காசைத் தாண்டினால் ஹார்ட் டிஸ்கைக் குறைத்து மறுபடியும் கூட்டுவோம். பிறகுதான் கடைக்குள் போய், “போலே கூராங் லா, தவுக்கே” என்று பேரத்தைத் தொடங்குவது.

தேதி போட்டதற்குக் காரணம் இருந்தது. 1997 நடுவில் ஒரு டாலர் இரண்டரை வெள்ளி. 1998 ஜனவரியில் 4.88 வரை ஏறியது. அந்த செப்டம்பரில் அரசு 3.80 என்று கட்டிவைத்தது; 2005 ஜூலை வரை அதுதான் விலை. பாகங்களோ டாலரில் வந்து இறங்குபவை. ஓராண்டுச் சொச்சத்தில் நம் ஆயிரம் வெள்ளி, பழைய கணக்கில் அறுநூற்றைம்பது வெள்ளிப் பொருளைத்தான் வாங்கியது. எதில் காசைப் போடுவது, எதில் பிடிப்பது என்று யோசிக்க எங்களைப் பழக்கியது அந்த நாணய நெருக்கடிதான்.

நெருக்கடியின் நடுவே 1998 ஆகஸ்டில் இன்டெல் செலரான் 300ஏ வெளியானது. மொத்த வியாபார விலை 149 டாலர். அதே நாளில் வந்த பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ் ரகத்துக்கு 669 டாலர். செலரானின் பெருக்கல் எண் நாலரை. போர்டின் தகவல் பாதையான பஸ்ஸின் வேகம் 66 மெகாஹெர்ட்ஸ்; இரண்டையும் பெருக்கியதால் 300 ஆனது. போர்டில் பஸ் வேகத்தை 100க்கு மாற்றினால் அதே சில்லு 450ல் ஓடும். உள்ளே 128 கிலோபைட் கேஷ் நினைவகம்தான். ஆனால் அது சில்லின் முழு வேகத்தில் ஓடியது. பென்டியம் 2ல் 512 இருந்தாலும் பாதி வேகம்தான். அதனால் பல கேம்களில் ஏழையின் சில்லு பணக்காரனின் சில்லோடு தோளுரசி ஓடியது.

அந்தச் சில்லைக் கையில் வாங்கியதும் அதில் பொறித்த எழுத்தைத்தான் படிப்போம். எங்கே பொருத்தப்பட்டது என்று அதில் இருக்கும்: சிலவற்றில் கோஸ்தா ரிகா, சிலவற்றில் மலேசியா. இன்டெல் அமெரிக்காவுக்கு வெளியே கட்டிய முதல் ஆலை பினாங்கு பாயான் லெப்பாஸில் 1972ல் தொடங்கியது. இன்டெலின் போட்டி நிறுவனமான ஏஎம்டியும் அதே ஆண்டில் பினாங்குக்கு வந்தது. உலகம் முழுக்கத் தேடி வாங்கப்பட்ட அந்தச் சில்லை நம் நாட்டுத் தொழிலாளிகள் பொருத்திச் சோதித்து அனுப்பினார்கள். தோட்டத்தில் வளர்ந்த எங்களுக்கு அது பெரிய தைரியத்தைக் கொடுத்தது. நம் நாட்டில் பொருத்திய சில்லை நாம் பூட்டத் தெரிந்துகொள்வதில் என்ன கஷ்டம் என்று தோன்றியது.

1999ல் பெடரல் ஹோட்டலுக்குப் பின்புறம் லோயாட் பிளாசா திறந்தது. பாக வியாபாரம் மெல்ல அங்கே நகர்ந்தது. அந்த ஆண்டு செப்டம்பர் 21ல் தைவானில் பூமி அதிர்ந்ததும் இங்கே ரேம் விலை எகிறியது. 2000ல் ஏஎம்டி டியூரான் வந்தபோது, சில்லின் மேல் தெரியும் எல்1 இணைப்புப் புள்ளிகளைப் பென்சிலால் கோடிழுத்து இணைத்தால் பெருக்கல் எண்ணை மாற்றிக்கொள்ளலாம் என்று பேச்சு பரவியது. பென்சிலில் இருப்பது கிராஃபைட்; மின்சாரம் அதில் பாயும். தமிழ்ப்பள்ளியில் படிக்கும் பையனின் பென்சிலை வாங்கி, விளக்குக்குக் கீழே மூச்சை அடக்கிக்கொண்டு அந்தக் கோடுகளை இழுத்திருக்கிறோம். 2003ல் மோனோரயில் ஓடத் தொடங்கியபின், பிரிக்ஃபீல்ட்ஸில் ஏறி இம்பியில் இறங்கினால் போதும் என்றானது.

அந்தக் காலத்துப் பட்டறிவில் இன்றும் மாறாத பாடம் பவர் சப்ளை. மலிவான கேசிங்கோடு இலவசம்போல ஒன்று வரும். மேலே 400 வாட் என்று அச்சிட்டிருக்கும். பக்கத்து லேபிளில் 12 வோல்ட் வரியைப் பார்க்க வேண்டும். அங்கே 18 ஆம்ப் என்றிருந்தால், கிராஃபிக்ஸ் கார்டும் பிராசசரும் நம்பியிருக்கும் அந்த வரியில் கிடைப்பது 216 வாட்தான். இடியும் மின்னலும் ஓயாத கிள்ளான் பள்ளத்தாக்கில் இதில் மிச்சம் பிடித்தால் போர்டையே இழக்க நேரிடும். என் அப்பா தோட்டத்தில் ஒட்டுக்கட்டும் வேலை தெரிந்தவர். “நாத்துல வேர் நல்லா இருந்தாத்தான்யா நல்ல மொட்டு நிக்கும்” என்பார். பவர் சப்ளை வேர், கிராஃபிக்ஸ் கார்டு மொட்டு என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வது அவரிடம் கற்றதுதான். கேசிங்கின் அழகும் வண்ண விளக்கும் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

கவுண்டர்-ஸ்டிரைக் காலத்தில் சைபர் கஃபேக்கள் பெருகின. அங்கே கார்டு மாற்றும்போது பழையது விலைக்கு வரும். ஜிஃபோர்ஸ் 2 எம்எக்ஸ் ஒன்று ஒரு வீட்டில் இரண்டு வருஷம் இருக்கும். அண்ணன் வேலைக்குப் போய்ப் புதிது வாங்கியதும் கீழ்மாடித் தம்பிக்கு இறங்கும். காசு பாதி, நன்றி பாதி. ஒருவன் புதிதாக வாங்கினால் மூன்று வீட்டில் கணினி ஒரு படி ஏறும்.

2018 பிப்ரவரியில் வந்த ஏஎம்டியின் ரைசன் 3 2200ஜி, குறைந்த செலவில் கணினி பூட்ட இன்னொரு வாசலைத் திறந்தது. 99 டாலருக்கு, கிராஃபிக்ஸ் உள்ளேயே இருக்கும் சில்லு. தனிக் கார்டைப் பிற்பாடு வாங்கலாம். ஒரே நிபந்தனை: எட்டு ஜிபி ரேமை ஒரே குச்சியாக வாங்காமல் நான்கு நான்காக இரண்டு வாங்க வேண்டும். உள்ளிருக்கும் கிராஃபிக்ஸ் அந்த ரேமையே நினைவகமாகப் பயன்படுத்துவதால், இரண்டு வழியில் தகவல் போய்வந்தால்தான் படம் தடங்கலின்றி ஓடும்.

2020 மார்ச் 18ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. பள்ளிக்கூடம் வீட்டுக்குள் நுழைந்தது. பல வீடுகளில் ஒரே கைப்பேசிக்கு மூன்று பிள்ளைகள். பிறகு கிரிப்டோ நாணயச் சுரங்கக்காரர்கள் கிராஃபிக்ஸ் கார்டுகளை அள்ளிக்கொண்டதால் புதியதை நெருங்கவே முடியவில்லை. அலமாரிகளில் கிடந்த பழைய போர்டு, பழைய ரேம், யாரோ ஒதுக்கிய மானிட்டர் எல்லாவற்றையும் திரட்டிப் படிப்புக் கணினிகள் பூட்டினோம். கேமுக்காகப் பழகிய கை அன்று பாடத்துக்கு உதவியது. விளையாட்டால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்று என்னிடம் வருத்தப்பட்ட பெற்றோர்களே, அந்தப் பிள்ளைகள் மாடி மாடியாக ஏறி வயர் மாட்டுவதைப் பார்த்தார்கள்.

2022 செப்டம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் சுரங்கம் தேவைப்படாத முறைக்கு மாறியதும் சுரங்கத்தில் உழைத்த கார்டுகள் சந்தைக்கு வந்தன. ஆர்எக்ஸ் 580 கார்டு எளியவர் கைக்கு எட்டியது. அதை வாங்குமுன் காற்றாடியைச் சுற்றிப் பார்க்க வேண்டும். சுரங்கத்துக்காக பயோஸ் மாற்றப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். விற்பவர் முன்னாலேயே கேமை ஓடவிட்டுச் சூட்டைக் கவனிக்க வேண்டும்.

இப்போது மறுபடியும் நெருக்கடி. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை விழுங்குவதால் 2025 இறுதியில் ரேம் விலை தாறுமாறாக ஏறியது. எங்கள் மலிவுக் கணினிகளில் அதிகம் புழங்கிய குரூஷியல் ரேமின் சில்லறை விற்பனையை விட்டு விலகுவதாக மைக்ரான் டிசம்பரில் அறிவித்தது. சைபர்ஜெயாவில் நிற்கும் தரவு மையங்களுக்கும் தாமான் பெர்மாத்தா பையன் தேடும் இரண்டு ரேம் குச்சிகளுக்கும் இன்று இப்படி ஓர் உறவு.

என்னிடம் வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். வீட்டில் இருக்கும் பழைய ரேமை விற்காதே. அது டிடிஆர்4 என்றால் ஏஎம்4 போர்டைத் தேடு. ரைசன் 5 5600 போன்ற நல்ல சில்லுகள் அதற்கு உண்டு. பவர் சப்ளையைப் புதிதாக, வாரண்டியோடு வாங்கு. மீதியைச் சேர்த்துக் கார்டில் போடு. ஆளை வைத்துப் பூட்டாதே. பக்கத்தில் நான் நிற்கிறேன், நீயே பூட்டு. பூட்டத் தெரிந்தவனுக்குப் பழுது பார்க்கவும் தெரியும், அடுத்தவனுக்குக் கற்றுக்கொடுக்கவும் தெரியும். இந்த வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளிகளும் கோயில் மண்டபங்களும் விடுமுறையில் ஒரு நாளை இதற்கு ஒதுக்கினால், பழைய பாகங்களோடு நான் வரத் தயார்.