வந்த கோழியும் இருந்த கோழியும்

1964 ஒக்டோபர் 30ஆம் திகதி கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், மலையக மக்களில் 525,000 பேரை இந்தியா ஏற்பதெனத் தீர்மானித்தது. அவர்கள் வளர்த்த கோழிகளைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

ஹட்டன் பகுதித் தோட்டமொன்றின் லயத்தில் எனது சிறுபராயம் கழிந்தது. 1980களின் தொடக்கத்தில், இந்தியாவுக்குப் புறப்பட்ட பக்கத்துக் காம்பராக் குடும்பத்தினர் தமது மூன்று பெட்டைக்கோழிகளை எங்கள் அம்மாயியிடம் ஒப்படைத்தனர். நான் அவற்றை எமது கோழிகளோடு அப்படியே திறந்துவிட்டேன். சற்று நேரத்தில் ஒன்றின் கொண்டையிலிருந்து இரத்தம் வழிந்தது.

அம்மாயி அவற்றைப் பிரித்தெடுத்து, கூட்டின் ஒரு பக்கத்தைக் கம்பி வலையால் மறித்து அதனுள் விட்டார். பத்து நாட்கள் ஒன்றையொன்று பார்க்க முடிந்தது, கொத்த முடியவில்லை. பின்னர் ஓரிரவு, இருட்டில் பழைய கோழிகளின் அருகே அவற்றை அமர்த்தினார். இருட்டில் கோழிகளுக்குக் கண் சரியாகத் தெரியாது, சண்டை எழுவதில்லை. விடிந்ததும் தீனியை இரண்டு இடங்களில் வைத்தார்.

கோழிக் கூட்டத்தில் எது எதைக் கொத்தலாம் என்றொரு வரிசை உண்டென்பதை நோர்வே நாட்டு ஆய்வாளர் ஷெல்டரப் எப்பே 1920களின் தொடக்கத்தில் எழுதினார். புதியன வரும்போது அவ்வரிசை மீண்டும் தீர்மானிக்கப்படுகின்றது. அம்மாயி அவர் பெயரை அறியார். அந்த வரிசையை அறிந்திருந்தார்.

சில மாதங்களின் பின் கூடலூரிலிருந்து கடிதம் வந்தது. அங்கே தங்களைச் ‘சிலோன்காரர்’ என்கிறார்களென எழுதியிருந்தனர். கோழிகள் முட்டையிடுகின்றனவா என்றும் கேட்டிருந்தனர்.

அம்மாயி சொல்ல நான் பதில் எழுதினேன்: “மூன்றும் முட்டையிடுகின்றன. நம் கோழிகளோடுதான் அடைகின்றன.”